ஞானசௌந்தரியின் பதினேழு ராடுகள்

சென்னையில் மாடிப்படிக்குக் கார்பெட் விரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருபத்தெட்டு வருடமாகத் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து மாதம் வேர்வை, மூன்று மாதம் மழை, மிச்ச நாளெல்லாம் தூசி என்று இருக்கிற ஊரில், நல்ல கிரானைட் படியைப் போட்டுவிட்டு அதன்மேல் கம்பளத்தை விரிப்பது என்ன புத்தி என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டு இரண்டு காண்டிராக்ட் கைவிட்டுப் போனதும் உண்டு. லாசரஸுக்கு வாய் நீளம் என்று சேலையூர் கேம்ப் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட நான், அந்தக் கார்பெட்டைப் பிடித்துவைக்கிற கம்பியைச் செய்யும் ஒரு பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

அவள் பெயர் ஞானசௌந்தரி. வயது நாற்பத்தாறு. பெரும்பாக்கம் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. கணவர் ஆபேல் மாடம்பாக்கம் பக்கத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். அந்தப் பட்டறையின் பின்பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு சால்டரிங் இரும்பு, ஒரு டேபிள் ஃபேன். அவளுடைய தொழிற்சாலை அவ்வளவுதான்.

கார்பெட் ராடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். படியில் கார்பெட்டைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. இந்த ஊர் ஈரத்துக்கு ஆறே மாதத்தில் பசை விட்டுவிடும், கார்பெட் சுருண்டு காலை வாரும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் குறுக்காக ஒரு பித்தளைக் கம்பியை வைத்துக் கார்பெட்டை அழுத்திப் பிடிப்பார்கள். கம்பியின் இரண்டு முனையிலும் அழகாக ஒரு குமிழ் இருக்கும். குமிழைத் திருகினால் கம்பி கையோடு வந்துவிடும். கார்பெட்டை உருவி மொட்டைமாடியில் உதறிக் காயப்போட்டு, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஞானசௌந்தரி அந்தக் கம்பிக்குள் விளக்கு வைக்கிறாள்.

வெளிநாட்டுக்கு விளக்குகள் அனுப்புகிற ஒரு கம்பெனியில், தாம்பரம் சானடோரியம் பக்கம், பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். எல்.இ.டி. பட்டைகளைச் சால்டர் செய்வதுதான் வேலை. கம்பெனி மூடியபோது கூட வேலை செய்தவர்கள் ஜவுளிக்கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போனார்கள். இவள் வீட்டுக்குப் போய் ஆபேலிடம் பித்தளைக் குழாயை நீளவாக்கில் கீறித் தரச் சொன்னாள். முதலில் செய்தது அவர்கள் சர்ச்சின் பீடத்துப் படிகளுக்கு. பிறகு கல்யாண மண்டபங்கள் வந்தன. நான் அவளை முதன்முதலில் பார்த்தது அப்படி ஒரு மண்டபத்தில்தான்.

மறுநாள் திறப்பு விழா. நான் கட்டிய மண்டபம், எனக்குத் தலைக்குமேல் வேலை. இவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ராடுகள் ஒவ்வொன்றையும் கிழிந்த பருத்திப் புடவைத் துண்டில் தனித்தனியாகச் சுற்றிக் கட்டியிருந்தாள். மத்தியானத்துக்குள் மாட்டி முடித்துவிட்டாள். எரிந்தது. அழகாகவும் இருந்தது. சரி, கிளம்பம்மா என்றேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படியில் ஏறவும் இறங்கவும் ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை நான் கத்திவிட்டேன்.

"என்னம்மா, பூங்காவுல வாக்கிங் போற மாதிரி நடந்துக்கிட்டிருக்கே. வேலை முடிஞ்சுதா இல்லையா?"

"இருங்க சார். இன்னும் எறங்கி முடிக்கல."

ஒரு குமிழருகில் குனிந்து, அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு தன் கால் மெட்டியை அதில் உரசிப் பார்த்தாள். புடவைக் கரையை இழுத்துப் பார்த்தாள். "இங்க பட்டுப்புடவை கட்டினு மெட்டி போட்டுனு வருவாங்க சார். இது கொக்கி மாதிரி கீது. இழுத்துச்சுன்னா பொண்ணு குப்புற விழும்" என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் நான் எத்தனையோ படி கட்டியிருக்கிறேன். மெட்டி போட்ட காலை நினைத்து ஒன்றுகூடக் கட்டியதில்லை.

அதனால்தான் ஹரிபிரசாத் வீட்டுக்கு அவளைச் சிபாரிசு செய்தேன்.

ஹரிபிரசாத்துக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. மனைவி சத்யபிரியாவுக்கும் அங்கேதான். சேலையூரில் அவர்களுடைய பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு அடுக்கு வீடு கட்டச் சொல்லியிருந்தார்கள். கார்பெட் என்று சொன்னதும் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஹரிபிரசாத் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாவுக்காக சார்" என்றார்.

அப்பா ஸ்ரீநிவாசராகவன். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வயது எழுபத்தொன்று. கண்ணில் மாலைக்கண் மாதிரி ஒரு கோளாறு, வருடா வருடம் கூடிக்கொண்டே வருகிறது. நல்ல வெளிச்சத்தில் எதிரே இருப்பது தெரியும். வெளிச்சம் மங்கினால் சுவர் எது, வாசல் எது என்று தெரியாது. வாடகை வீட்டில் வழவழப்பான படியில் ஒருமுறை வழுக்கிவிட்டதால் டாக்டர் கார்பெட் போடச் சொல்லியிருந்தார். அவருக்கென்று ஒதுக்கியது மாடியில் பால்கனியோடு இருக்கிற அறை. அந்தப் பால்கனியில் உட்கார்ந்தால், காற்று வாக்காக அடிக்கும்போது தாம்பரம் ரயில்வே யார்டின் ஹாரன் கேட்கும். அறையை அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல், ஒரு கையில் சார்ட்டும் ஒரு கையில் பேனாவுமாக நடந்தவர் அவர். இப்போது யாராவது முழங்கையைப் பிடித்தால் முகம் சுருங்கிப்போகும். நான் பார்த்திருக்கிறேன்.

அளவெடுக்க வந்த ஞானசௌந்தரி அரைநாள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பதினேழு படி. டேப்பை வைத்து அளக்கப் பத்து நிமிடம் போதும். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது பெரியவர் சைட்டைப் பார்க்க வந்தார். அவள் எழுந்து நின்று கேட்டாள்.

"ஐயா, உங்களுக்கு ஏறசொல்லோ பயமா, எறங்கசொல்லோ பயமா?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "இத்தனை நாள் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. இறங்கறச்சேதான்மா" என்றார். "ஏறறச்சே அடுத்த படி மூக்குக்கு நேரா இருக்கு. இறங்கறச்சே அது இருக்கா இல்லையான்னே தெரியலை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு எனக்கு விளக்கினாள். கடையில் வருகிற விளக்கு ராடுகளில் வெளிச்சம் நேரே முன்னால் அடிக்கும். ஏறுகிறவருக்குக் கண் கூசும். இறங்குகிறவருக்கோ ராடே தெரியாது, அது நிற்கிற படிக்கு அடியில் மறைந்துவிடும். அதனால் குழாயின் கீழ்ப்பக்கமாகக் கீறல் போட்டு, வெளிச்சத்தைப் படியின்மேல் விளிம்பு வரைக்கும் பரப்ப வேண்டும். மேலே நின்று பார்த்தால் ராடு தெரியாது, படி தெரியும். "வெளக்கு அழகா கீதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க சார். வெளக்கு எங்க கீதுன்னே தெரியாது. படிதான் தெரியும்" என்றாள். தான் செய்கிற பொருள் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிற ஆளை இந்தத் தொழிலில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தை மாதம் கிரகப்பிரவேசம். அதற்கு மூன்று நாள் முன்பே பதினேழு ராடும் படியில் ஏறிவிட்டன. கார்பெட் மட்டும் சுருட்டியபடி இருந்தது. பசுமாடு உள்ளே வரும், ஹோமப் புகை வரும், எல்லாம் முடிந்த மறுநாள் விரித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கிரகப்பிரவேசத்தன்று பெரியவர் மூன்று தடவை தனியாக ஏறி இறங்கினார். வந்தவர்களிடமெல்லாம் மாடியைச் சுற்றிக் காட்டினார். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "சார், எனக்கு இது எட்டாவது வீடு. ஆனா இதுலதான் யாரும் பிடிக்காம என் காலை நானே வெச்சுக்கறேன்" என்றார். நான் பாயசத்தைக் குடித்தபடி எல்லாப் பெருமையையும் எனக்கே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹரிபிரசாத் போன் செய்தார். அப்பா விழுந்துவிட்டார்.

நடந்தது இதுதான். பெரியவர் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார். யாரையும் எழுப்பாமல், ராடு வெளிச்சத்தில் கீழே இறங்கியிருக்கிறார். அவர் பாதி வழியில், ஒன்பதாவது படியில் இருக்கும்போது பதினேழும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. அடுத்த படி இருக்கிறதா என்று காலால் தேடியிருக்கிறார். நாலு படி உருண்டு மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. கார்பெட்டும் இல்லாத வெறும் கிரானைட்.

நான் போய் ராடைக் கழற்றிப் பார்த்தேன். ஓரத்தில் ஒயர் போகிற பள்ளம் முழுக்கத் தண்ணீர். மஞ்சள் நிறத் தண்ணீர். விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. முந்தைய நாள் விருந்தாளிகள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். மாடு நடந்த தரை, பால் பொங்கி வழிந்த இடம், வாழையிலை, சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்து. மேல்படியிலிருந்து வாளி வாளியாக. அந்தத் தண்ணீர் ராத்திரியெல்லாம் பள்ளத்தில் நின்று ஊறியிருக்கிறது.

எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பல நாள் உழைப்பு வாளித் தண்ணீரில் போயிற்று. பழி மட்டும் அவள்மேலும், அவளைக் கூட்டிவந்த என்மேலும். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். மின்சாரப் பொருளின்மேல் தண்ணீர் ஊற்றியது வீட்டாரின் கவனக்குறைவு, இதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நாலு பாராவில் நறுக்கென்று எழுதி, மாடம்பாக்கம் போய் ஞானசௌந்தரியிடம் நீட்டினேன். கையெழுத்துப் போடு என்றேன்.

அவள் படித்தாள். மடித்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் சால்டரிங் இரும்பின் ஸ்டாண்டைத் தூக்கி வைத்தாள்.

"சார், தண்ணி ஊத்தி கழுவாம யாராச்சும் வூடு குடிபோவாங்களா?"

"அதுக்காக விளக்குமேலயா ஊத்துவாங்க?"

"படிமேல ஊத்தினாங்க. படிமேல வெளக்கு வெச்சது நான்." மேஜைமேல் கிடந்த ஒயர் துண்டு ஒன்றை எடுத்து நிமிர்த்தினாள். பிறகு அவளே சொன்னாள். "கிறிஸ்மஸுக்கு முன்னாடி எங்க வூட்டுல மொதல்ல கழுவறது படியத்தான் சார். வாரா வாரம் கழுவறேன். எனக்கு ஏன் தோணல? கம்பெனியில சொல்லிக்குடுத்த மாதிரியே ஜாயின்ட் போட்டேன். அந்த சரக்கு போற ஊர்ல படிய கழுவமாட்டாங்க, மிஷின் வெச்சு உறிஞ்சுவாங்க. பதினாலு வருஷம் அந்த ஊருக்கு வேலை செஞ்சேனா, கை அந்த ஊர் கையாவே ஆயிடுச்சு."

வேறு யாராக இருந்தாலும் என் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நானே போட்டிருப்பேன்.

அன்று மாலை இருவரும் சேலையூர் போனோம். பெரியவர் கையில் கட்டோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். படிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டிருந்தார்கள், அல்லது அவரே போட்டுக்கொண்டார். ஞானசௌந்தரி அவர் முன்னால் போய் நின்று, "ஐயா, தப்பு என்னுது. மன்னிச்சுக்கங்க" என்றாள். உள்ளேயிருந்து சத்யபிரியா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவங்க தப்பு இல்லை. தண்ணி ஊத்தினது நான்தான். மஞ்சள் கரைச்சு, மேலேர்ந்து நானே ஊத்தினேன்" என்றாள். அதுவரை அவள் வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை என்பது ஹரிபிரசாத்தின் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

பெரியவர் இரண்டு பேரையும் கோபிக்கவில்லை. "விடுங்கோ. கண்ணு போனவனுக்கு மாடி எதுக்கு?" என்றார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவருக்குப் படுக்கை கீழே, சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் வைக்கக் கட்டிய சின்ன அறையில். ஜன்னல் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஹாரனும் கேட்காது, காற்றும் வராது. பேச்சைக் குறைத்துக்கொண்டார். குளியலறைக்குப் போவதற்குக்கூட மகன் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் முகம் சுருங்குகிறவர், தானாகவே கையை நீட்ட ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் ஹரிபிரசாத் பயந்துபோனார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, மாடி அறையைத் தன் ஆபீஸ் அறையாக மாற்றிவிடலாம், பங்குனியில் ஒரு திங்கட்கிழமை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். ஞானசௌந்தரிக்கு அதைச் சொன்னேன். "திங்கக்கெழமைக்கு முன்னாடி வெள்ளிக்கெழமை வருதில்ல சார்" என்றாள்.

பெரியவர் விழுந்ததிலிருந்து அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும், ஆறு வாரம், அவள் செய்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ராடுகளைப் பட்டறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை. பெரும்பாக்கத்தில் அவள் இருக்கிற பிளாக்கின் படியிலேயே, தரைத்தளத்திலிருந்து முதல் வளைவு வரைக்கும் எட்டு ராடுகளை மாட்டிவிட்டாள். நூற்றுக்கணக்கான கால் ஏறி இறங்குகிற படி. கேஸ் சிலிண்டர் உருளும், தண்ணீர்க் கேன் இடிக்கும், பிள்ளைகள் குதிக்கும். கீழ்வீட்டு செல்லம்மா தினமும் காலையில் படியைக் கழுவுகிறவர். நான் போன அன்று அவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், நீதான் அந்த இன்ஜினீயரா? டெய்லி ஊத்து ஊத்துன்னு சொல்லினு கீது இந்தப் பொண்ணு. நேத்து பத்தலன்னு இன்னிக்கு ரெண்டு வாளி. எனக்கு ஊத்தறதுக்கு கசக்குதா? தண்ணிக்குத்தான் பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே என் ஷூவையும் சேர்த்து நனைத்தார்.

முதல் வாரத்திலேயே இரண்டு ராடு அணைந்துவிட்டது. ஞானசௌந்தரி சந்தோஷமாகப் போன் செய்தாள். "நல்லவேளை சார், இங்கயே போச்சு." பிரித்துப் பார்த்ததில், அவள் புதிதாக அடைத்திருந்த ஜாயின்ட் காய்ந்துதான் இருந்தது. தண்ணீர் உள்ளே போனது குமிழின் திருகு ஓட்டை வழியாக. நானாக இருந்தால் ஜாயின்டை மட்டும் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று போயிருப்பேன். ஆபேல் புதிதாகக் குமிழ் கடைந்தார், உள்ளே ரப்பர் வளையம் உட்காருகிற மாதிரி. குழாய்க்குள் பட்டையைச் சிலிகானில் முழுக்கப் பொதிந்தார்கள். ஒயரை ஓரப் பள்ளத்திலிருந்து எடுத்து, தண்ணீர் நிற்காத உயரத்தில் சுவரோடு கொண்டுபோனார்கள். முன்பு எல்லா ராடும் ஒரே சரமாக இருந்தன. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர். "ஒண்ணு போனாலும் பதினாறு இருக்கணும் சார். அவரு நடுவுல நிக்கறப்போ எல்லாம் சேர்ந்து கைவிடக் கூடாது" என்றாள். இந்த ஆறு வாரமும் அவள் தினமும் மனதுக்குள் அந்த ஒன்பதாவது படியில் நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்வெர்ட்டரிலிருந்து தனி இணைப்பையும் என்னைப் போட வைத்தாள். கரண்ட் போனாலும் எரிய வேண்டுமாம். மறுபேச்சு பேசாமல் போட்டுக் கொடுத்தேன்.

கடைசி மூன்று வாரம் எட்டும் அணையவில்லை. செல்லம்மா தோற்றுப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை பதினேழு ராடுகளையும் புடவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். மாட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு ஹாலை இருட்டாக்கினோம். கைக்கட்டுப் பிரித்த பெரியவர் அதே நாற்காலியில், அதே மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் அவரைக் கூப்பிடவில்லை. சத்யபிரியாவைத்தான் கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு வாளி தண்ணி வேணும். மஞ்சள் போட்டு. அன்னிக்கு எப்படி ஊத்தினீங்களோ, அப்படியே மேலேர்ந்து ஊத்துங்க."

சத்யபிரியா தயங்கினாள். "என்னால முடியாது" என்றாள்.

"நீங்கதான் ஊத்தணும் மேடம். நாளைக்கு இந்த வூட்டுல நீங்கதான் கழுவப்போறீங்க. பயந்துனு கழுவக் கூடாது."

சத்யபிரியா வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். முதலில் கொஞ்சமாகச் சாய்த்தாள். பிறகு முழு வாளியையும் கவிழ்த்தாள். தண்ணீர் படி படியாக விழுந்து இறங்கி, ராடுகளை மூடி, ஹாலுக்கு வந்து என் கால்வரை ஓடியது. பதினேழும் எரிந்தன. மஞ்சள் தண்ணீருக்குக் கீழே அப்படியே எரிந்தன. "இன்னொண்ணு" என்றாள் ஞானசௌந்தரி. இரண்டாவது வாளியை சத்யபிரியா ஒரே வீச்சில் கவிழ்த்தாள்.

நாற்காலி திரும்புகிற சத்தம் கேட்டது. பெரியவர் படிப்பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

படியைத் துடைத்துக் காயவைத்து, கார்பெட்டை விரித்து, குமிழ்களை இறுக்கினோம். பிறகு ஞானசௌந்தரி செருப்பில்லாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தன் வழக்கப்படி மூன்று முறை ஏறி இறங்கினாள். இந்தத் தடவை நான் கத்தவில்லை. அவள் ஓரமாக வந்து நின்றதும் பெரியவர் எழுந்தார். ஹரிபிரசாத் ஓடிவந்து கையை நீட்டினார். "இரு" என்றார் பெரியவர். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, மறுபடி ஏறினார். பதினேழாவது படியில் கால் வைத்ததும் நான் மூச்சு விட்டேன். கைதட்டலாமா என்று தோன்றியது.

"ஏறினத பாக்காதீங்க சார்" என்றாள் ஞானசௌந்தரி மெதுவாக. "எறங்கட்டும்."

பால்கனிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மாடிக்குப் போன மனிதர் வரவில்லை. இறங்கப் பயந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஹரிபிரசாத் இரண்டு தடவை முதல் படிவரை போனார். இரண்டு தடவையும் ஞானசௌந்தரி தலையை ஆட்டித் தடுத்தாள். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் செய்தாளா, படியை எண்ணினாளா என்று தெரியாது. நான் ஜெபம் செய்தேன். சர்ச்சில்கூட அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

இருபது நிமிடம் கழித்து மேலே அவர் பாதம் தெரிந்தது. விளிம்பில் நின்று கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இறங்கினார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒன்பதாவது படியில் நின்றார். யாரும் அசையவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. அவர் அடுத்த காலை எடுத்து வைத்தார், அதற்கடுத்ததையும் வைத்தார், தரைக்கு வந்துவிட்டார்.

எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை. நேரே அந்தச் சின்ன அறைக்குள் போனார். இருமல் சத்தம், எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கக்கத்தில் தலையணை, இன்னொரு கக்கத்தில் சுருட்டிய போர்வை, ஒரு கையில் டிரான்சிஸ்டர், மறு கையில் தண்ணீர்ச் சொம்பு. ஹரிபிரசாத் வாங்கிக்கொள்ளப் போனார். "வழியை விடு" என்றார் பெரியவர். அது மகனிடம் அவர் கோபமாகப் பேசிய பேச்சு. ஆறு வாரத்தில் முதல் கோபம். ஹரிபிரசாத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் ஏற ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒரு படிக்கு ஒரு கால். சொம்பிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கைப்பிடியைப் பிடிக்க அவருக்குக் கை ஒழியவில்லை.